மலையைப் பார்த்துக் கடலில் இறங்குவோர்

திருப்பதியிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் புறப்படுகிறவன் காளத்தியைக் கடந்தே போகவேண்டியிருக்கிறது என்பதை நான் வெறும் பூகோள விவரமாக எண்ணுவதில்லை. பஞ்சபூத ஸ்தலங்களுள் வாயுவுக்கு உரிய ஸ்தலம் அது. காற்றுப் புகாத கர்ப்பக்கிருகத்திலும் தீபமொன்று ஓயாமல் அசைந்துகொண்டேயிருக்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை அதன் செய்கையினாலேயே அறிந்துகொள்ளவேண்டும் என்ற பாடத்தை அந்தத் தீபத்தைப்போல் எளிதாகச் சொல்லிக்கொடுப்பது வேறொன்றில்லை. சிறு படகில் தனியாகச் சமுத்திரத்தில் இறங்க ஆசைப்படுகிறவனுக்கு முதன்முதலில் வேண்டியதும் அந்தப் பாடந்தான்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டமாக உருவெடுத்தபோது, அதுவரை நெல்லூரோடு சேர்ந்திருந்த சூலூர்பேட்டை, தடா, வாகாடு முதலிய கரையோரப் பகுதிகள் அதனுடன் வந்து இணைந்தன. ஏழு மலையும் தெப்பக்குளமும் அறிந்திருந்த ஊர்க்காரர்களுக்கு ஒரே நாளில் கடல் சொந்தமாயிற்று. தூபிலிபாளையத்துக் கடற்கரையும், துகராஜபட்டினத்துக் கலங்கரை விளக்கமும், பழவேற்காட்டு ஏரியின் வடபாகமும் இப்போது திருப்பதி மாவட்டத்தின் வரைபடத்துக்குள் இருக்கின்றன. ஏர்ப்பேட்டுக்கு அருகே ஐ.ஐ.டி.யில் படிக்கும் மாணவர்களும், தடாவை அடுத்த ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களும், சித்தூரில் வியாபாரம் செய்யும் குடும்பங்களும் ஞாயிற்றுக்கிழமை தோறும் கடலைத் தேடிப் போகிறார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் முட்டுக்காட்டிலும் கயாக்கில் ஏறித் துடுப்புப் போட்டுப் பழகியவர்கள், அதே ஆசையை இந்தக் கரைக்கும் கொண்டுவருகிறார்கள். அந்த ஆசையை நான் மெச்சுகிறேன். அது பத்திரமாக வீடு திரும்பவேண்டும் என்ற கவலையினாலேயே இதை எழுதுகிறேன்.

கயாக் என்பது வடதுருவத்தை ஒட்டிய பனிப்பிரதேசங்களில் வாழும் இனுயிட் மக்களின் வேட்டைப் படகு. உறைந்த நீரின் குளிர் உடம்பில் படாதபடி இடுப்புவரை தோலால் மூடித் தைத்த அந்தப் படகு நம் வெப்பக் கடலுக்கு வரும்போது உருமாறி வருகிறது. இங்கே வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மேலே உட்கார்ந்து செலுத்தும் வகையைச் சேர்ந்தவை. அலை ஏறினால் நீர் படகில் தங்காமல் துளைகளின் வழியே கீழே வடிந்துவிடும். இலகுவான மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, இடுக்குகளின் வழியே நீர் வந்து நீர் போகும்படி அமைத்த நம் கட்டுமரத்தின் தத்துவமும் அதுவேயன்றோ! கவிழ்ந்தாலும் மூழ்காதது, நிமிர்த்தினால் மறுபடி ஏறிக்கொள்ளத்தக்கது, அலையை எதிர்த்து நிற்காமல் அதற்கு இடங்கொடுத்துத் தப்புவது என்ற மூன்று குணங்களும் இரண்டுக்கும் பொது. ஆனால் கட்டுமரத்தில் நிற்பவனுக்குப் பின்னால் பல நூற்றாண்டு அனுபவம் நிற்கிறது. கயாக்கில் அமர்கிறவனிடம் பெரும்பாலும் அரைமணி நேரப் பயிற்சியே இருக்கிறது. அந்த வித்தியாசத்தை உற்சாகத்தால் நிரப்ப முடியாது; முன்யோசனையால் ஓரளவு நிரப்பலாம்.

இந்தக் கரையின் வானிலைக்கு ஒரு விசேஷம் உண்டு. கடலில் வரும் ஆபத்து கடலிலிருந்தே வரும் என்று நாம் எண்ணிக்கொண்டு கிழக்கையே உற்றுப் பார்க்கிறோம். ஆண்டில் நான்கு மாதம் அது முதுகுக்குப் பின்னால், மேற்கேயிருந்து வருகிறது. சித்தூர் மாவட்டத்து நகரி மலையின் கூர்மையான சிகரத்தை நகரி மூக்கு என்று பழைய மாலுமிகள் அழைத்தார்கள். தெளிந்த நாளில் அது கடலிலிருந்தே தெரியும்; சென்னையை நோக்கி வந்த கப்பல்களுக்கு அதுவே அடையாளமாக இருந்தது. கரை எங்கே இருக்கிறது என்று அறிய அவர்கள் அந்த மலையைப் பார்த்தார்கள். சாயங்காலம் எப்படி இருக்கும் என்று அறிய நாமும் அதே திசையைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரையில் மேற்கேயிருந்து வீசும் காற்றைக் கரையோரத்து மக்கள் கச்சான் என்பார்கள். தரையின்மேல் தவழ்ந்து வந்து கடலுக்குள் இறங்கும் காற்றாதலால், கரையை ஒட்டிய நீர்ப்பரப்பை அது எழுப்புவதில்லை. மாறாக, அலையின் தலையைத் தடவி அமர்த்திவிடுகிறது. காலை ஏழு மணிக்குக் கரையில் நின்று பார்ப்பவனுக்குக் கடல் கண்ணாடிபோல் தோன்றும். ‘இதைவிட நல்ல நாள் வாய்க்குமா!’ என்று மனம் துள்ளும். அந்தக் கண்ணாடியே கண்ணி. உள்ளே போகப் போகத் தரையின் மறைவு நீங்கிக் காற்று பலக்கிறது. துடுப்புப் போடாமலே படகு முன்னே ஓடுகிறது. ஓடுவது தன் திறமையென்று எண்ணிக்கொண்டவன் ஒரு கிலோமீட்டர் கடந்த பிறகு திரும்பிப் பார்க்கும்போதுதான், வந்த வழியெல்லாம் எதிர்க்காற்றாக நிற்பதை உணருகிறான்.

கைபழகாத ஒருவர் அமைதியான நீரில் மணிக்கு நான்கு அல்லது ஐந்து கிலோமீட்டர்தான் துடுப்புப் போட முடியும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை இரண்டு மடங்கன்று, நான்கு மடங்காகிறது என்பது பௌதிக சாஸ்திரம். மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் விளையாட்டாயிருந்த காற்று இருபதாகும்போது கையை ஓயவைக்கிறது. முப்பதாகும்போது பெரும்பாலோரைப் பின்னுக்கே தள்ளிவிடுகிறது. கரையிலிருந்து கடலுக்குள் வீசும் காற்று இருக்கும் நாளில் புதியவர்கள் திறந்த கடலில் இறங்கவே கூடாது என்று நான் சொல்வது பயங்காட்டுவதற்காக அன்று. அன்று கவிழ்ந்த படகும் களைத்த மனிதனும் மிதந்து போகும் திசையில் கரை என்பது இல்லை.

நடுப்பகலில் தரை சூடேறியதும் கிழக்கேயிருந்து கடற்காற்று உட்புகுகிறது. அது உள்நாட்டுக்குள் வந்து மேலைக் காற்றோடு மோதும் இடங்களிலும், நகரி, திருமலை முதலிய மலைச்சரிவுகளிலும் ஈரக்காற்று மேலே எழும்பிப் பிற்பகலில் மேகம் கோபுரமாய் வளர்கிறது. மேலே வீசும் மேலைக் காற்று அந்தக் கோபுரத்தைச் சாய்த்துக் கிழக்கே ஓட்டிவருவதால், சித்தூரிலும் திருப்பதியிலும் மூன்று மணிக்கு இடித்த மழை மாலையிலோ முன்னிரவிலோ கடற்கரையை எட்டுவது இந்த மாதங்களில் அடிக்கடி நிகழ்கிறது. மழைக்கு முன்னே ஓடிவரும் குளிர்ந்த பலத்த காற்றே சிறு படகுக்கு யமன். சில நிமிஷங்களுக்கு முன் கரையை நோக்கி வீசிக்கொண்டிருந்த கடற்காற்று சட்டென்று நின்று, ஒரு கணம் மூச்சடைத்தாற்போல் நிசப்தம் நிலவி, மறுகணம் மேற்கேயிருந்து மணலை வாரிக்கொண்டு அடிக்கத் தொடங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதத்தில் சித்தூர் நண்பர் ஒருவரோடு இரண்டு கயாக்குகளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு தூபிலிபாளையத்துக்குப் போயிருந்தேன். வழியில் தாமதமாகி, கரையை அடைந்தபோது மணி மூன்று. கடல் சாந்தமாயிருந்தது, நண்பருக்குப் பொறுமையில்லை. அந்தப் பக்கத்து மீனவர்களில் பட்டபு வகுப்பினர் தெலுங்கு நாட்டில் வாழ்ந்தாலும் வீட்டில் ஒருவகைத் தமிழ் பேசுகிறவர்கள். வலைக்கண் முடிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து, “மேக்கே பாத்தீங்களா ஐயா?” என்று மட்டும் கேட்டார். பார்த்தோம். மலை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் மலை இருக்கவேண்டிய இடத்துக்கு மேலே வெள்ளை மேகமொன்று எழும்பி, உச்சி தட்டையாகிப் பட்டறைக் கல்லைப்போல் கிழக்கே நீண்டுகொண்டிருந்தது. “அது இங்கே வர இன்னும் நேரமிருக்கிறதே, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடலாமே” என்றார் நண்பர். “போறது உங்க கையிலே, வர்றது காத்து கையிலே” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி வலையில் குனிந்துகொண்டார். நாங்கள் இறங்கவில்லை. நண்பர் என்னோடு பேசாமல் மணலில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்குள் காற்று வந்தது. கட்டியிருந்த கயாக்கு ஒன்றைப் புரட்டி மணலில் இருபது முழம் உருட்டிக்கொண்டு போயிற்று. இருவரும் காருக்குள் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தபோது நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அந்தப் பெரியவரின் கண்ணுக்குத் துணையாக வேறு கண்களும் இருக்கின்றன. சென்னையிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் சுழலும் வானிலை ரேடார்கள் மலைப்பக்கத்து மழைமேகம் எந்தத் திசையில் நகருகிறது என்பதைப் படமாகவே காட்டுகின்றன. இந்திய வானிலைத் துறையின் இணையத்தளத்தில் எவரும் அதைப் பார்க்கலாம். மின்னல் விழும் இடங்களைத் தெரிவிக்கப் புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் ‘தாமினி’ என்ற செயலியை அமைத்திருக்கிறது. ஹைதராபாத்தில் இயங்கும் ‘இன்காய்ஸ்’ என்ற கடல்சார் தகவல் சேவை மையம் அலையின் உயரம், நீரோட்டம், காற்று ஆகியவற்றை முன்கூட்டியே கணித்து வெளியிடுகிறது. புறப்படுவதற்கு முந்தின இரவும், அன்று விடியற்காலையும், படகை நீரில் இறக்கும் முன்பும் ஆக மூன்று முறை இவற்றைப் பார்க்கவேண்டும். மூன்று முறையும் ஒன்றுபோலவே சொன்னால் நல்லது. முறைக்கு முறை கணிப்பு மாறினால் அந்த மாறுதலே ஓர் எச்சரிக்கை.

இங்கே பலர் செய்யும் பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. ‘மீனவர்கள் கடலுக்குச் செல்லவேண்டாம்’ என்ற அறிவிப்பு இல்லாத நாளெல்லாம் கடல் நமக்கு உத்தரவு கொடுத்துவிட்ட நாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அறிவிப்புகளில் காணும் எண்களைப் பாருங்கள்: மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசும் என்பதுபோன்ற வாசகமே வழக்கமாய் இருக்கும். இயந்திரம் பொருத்திய படகுக்கும், பிறந்தது முதல் கடலில் வாழ்கிறவனுக்கும் வகுத்த எல்லை அது. கயாக்கில் போகும் புதியவனுக்கு அதில் பாதிகூட அதிகம். 1805ஆம் ஆண்டில் பிரான்சிஸ் போபர்ட் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி காற்றின் வேகத்தை வகைப்படுத்திய அளவுகோலில் மூன்றாம் படியில் அலைத்தலைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தோன்றும். நான்காம் படியில், அதாவது மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வேகத்தில், அது அடிக்கடி தோன்றும். கருவி எதுவுமின்றிக் கரையில் நின்றே காணத்தக்க குறி இது. நுரை எண்ணக்கூடியதாய் இருந்தால் அனுபவசாலியோடு கரையை ஒட்டிப் போகலாம். எண்ண முடியாவிட்டால் இறங்கவேண்டாம்.

காற்றே இல்லாமலும் கடல் கொல்லும். தெற்கே வெகுதூரத்தில் இந்து மகாசமுத்திரத்தின் நடுவே வீசிய புயலால் எழுந்த நீண்ட அலைகள், நாட்கணக்காகப் பிரயாணம் செய்து, மேகமற்ற வானத்தின்கீழ் நம் கரையில் வந்து எழும்புவதுண்டு. ‘கள்ளக்கடல்’ என்று மலையாள மீனவர்கள் இட்ட பெயரே இப்போது சாஸ்திர வழக்காகவும் ஆகிவிட்டது. 2024ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை கொண்டுபோயிற்று. அத்தகைய அலை வரும் என்று முன்னதாகவே எச்சரிக்கை வெளியாகியிருந்தது. கரையில் நின்றவர்களின் காதில் அது சேரவில்லை. அலையின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே கழியும் விநாடிகளையும் பார்க்கவேண்டும். அந்த இடைவெளி நீள நீள, தாழ்வாகத் தெரியும் அலைகூடக் கரையில் பெருஞ்சக்தியோடு விழும்.

அலையோடு அலை மோதும் இந்தக் கரையில் இறங்குவதே ஒரு வித்தை என்பது பழைய செய்தி. ஆறுமுக முதலியாரின் பெயரால் அர்மகான் என்று ஆங்கிலேயர் வழங்கியதாகச் சொல்லப்படும் துகராஜபட்டினத்தில்தான், சென்னைக்கு முன்னதாக, அவர்களுடைய வர்த்தகப் பண்டகசாலை இருந்தது. அங்கே தலைவராயிருந்த பிரான்சிஸ் டேயே 1639இல் சென்னையைத் தேர்ந்தெடுத்தார். சென்னையில் துறைமுகம் இல்லாத அந்தக் காலத்தில், கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளே கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடின. அலை அளவு கடந்தால் கப்பலின் சொந்தப் படகுகள் கரைக்கு வராமலிருக்கும்படி கடற்கரையில் கொடி ஏற்றினார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் வியாபாரமே ஒரு கொடிக்குக் கட்டுப்பட்டுக் காத்திருந்தது என்பதை நினைக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை ஒன்றை இழப்பது நமக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றவேண்டியதில்லை.

அக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடிய வாடையும் கொண்டலும் வீசும் பருவமழைக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவின் அருகே கரையேறிய புயலை முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தபோதும் திருப்பதி மாவட்டத்தில் மழை கொட்டித் தீர்த்தது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாளில் எவரும் கயாக்கைத் தூக்கமாட்டார்கள். ஆபத்து அது இறங்கிய மறுவாரத்தில் இருக்கிறது. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து திருச்சானூரையும் காளத்தியையும் நனைத்துக்கொண்டு வரும் ஸ்வர்ணமுகி, 2021 நவம்பரில் கரை புரண்டதை நாம் கண்டோம். அப்படிப்பட்ட பிரவாகம் வேரோடு பெயர்த்த மரங்களையும் முள்வேலிகளையும் கடலில் கொண்டுவந்து சேர்க்கிறது. வெயில் அடித்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் நாளிலும் கலங்கிய நீருக்குள் அவை மறைந்து மிதக்கின்றன. பருவத்துக்குப் பருவம் நீரோட்டமும் திசை மாறுகிறது: மழைக்காலத்தில் வடக்கேயிருந்து தெற்கே ஓடும் வெள்ளத்தை மீனவர் வன்னி என்றும், கோடையில் தெற்கேயிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் சொல்கிறார்கள். போகும்போது ஓட்டத்தை எதிர்த்தும் திரும்பும்போது அதோடு சேர்ந்தும் வரும்படி வழியை வகுத்துக்கொள்வது நலம். காற்றுக்கும் அதுவே விதி. கை களைக்குமுன்பே கஷ்டத்தை முடித்துவிடவேண்டும்.

கடல் பயமென்று பழவேற்காட்டு ஏரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர் ஏரி அது; பீமுனிவாரிபாளையத்தில் படகுத்துறையும் உண்டு. பல இடங்களில் ஆழம் இடுப்பளவே. ஆழமில்லாத நீரில் காற்று எழுப்பும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் நெருங்கி நெருங்கி வருவதால் சிறு படகை அது எளிதில் புரட்டும். விழுந்தவன் காலூன்றினால் சேறு பிடித்துக்கொள்ளும். ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் வற்றுநீர் வெளியே பாயும் நேரமும் அலை உள்ளே வரும் நேரமும் ஒன்றானால் கைதேர்ந்தவர்களே கலங்குவார்கள். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காட்டில் உல்லாசப் பிரயாணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். உயிர்காப்பு உடை அவர்களிடம் இல்லை. அந்த ஒரு செய்தியை நினைத்துக்கொண்டால் போதும், கயாக்கில் உயிர்காப்பு உடையைக் காலடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் எவருக்கும் வராது; நீரில் விழுந்த பிறகு அதை அணிவது ஏறக்குறைய அசாத்தியம்.

ஏரி முழுவதும் நம் விளையாட்டுக்குரியதும் அன்று. எந்த நாளில் எந்தக் குடும்பம் எங்கே வலையிடலாம் என்று மீனவர்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாடு அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. வலைக்குச்சிகளுக்கு நடுவே புகுவது ஒருவர் வயலில் இறங்கி நடப்பதற்கு ஒப்பானது. பூநாரைகள் வந்திறங்கும் காலத்தில் அவற்றை விட்டு வெகுதூரம் விலகியிருக்கவேண்டும். சரணாலய எல்லைக்குள் அனுமதியின்றிப் போகலாகாது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் கடற்கரை விண்வெளி நிலையத்துக்கு உரியது. அதன் அருகே அணுகவே கூடாது, ராக்கெட் ஏவும் நாட்களில் சுற்றியுள்ள கடற்பகுதியும் விலக்கப்பட்டதாகிவிடும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒருநாளைத் தேர்ந்தெடுத்தவர், எங்கே இறங்குகிறோம், எதுவரை போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்பியிருப்போம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கரையில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டே புறப்படவேண்டும். குறித்த நேரம் கடந்து அரைமணிக்குள் செய்தி வராவிட்டால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணுக்கு அவர் சொல்லவேண்டும் என்பதும் அந்தக் காகிதத்திலேயே இருக்கட்டும். கைத்தொலைபேசி நீர் புகாத உறையில் உடம்போடு இருக்கவேண்டும், படகோடு அன்று. ஊதல் ஒன்று கழுத்தில் தொங்கவேண்டும். நம் கடலில் குளிரால் விறைத்துப்போவாரில்லை. வெயிலாலும் தாகத்தாலும் தலைசுற்றி விழுகிறவரே அதிகமாதலால், தேவையென்று தோன்றுவதைப்போல் இருமடங்கு குடிநீர் வேண்டும். இடியோசை காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்றே பொருள். உடனே கரையேறி, கடைசி இடிக்குப் பிறகு அரைமணி காத்திருக்கவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் 61 நாட்களில் கடலில் நம்மைக் காணக்கூடிய கண்கள் குறைவு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அன்று இறங்காமல் திரும்பிய நாங்கள் பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடி போனோம். மழைக்காலம் ஓய்ந்து, வெயில் முற்றாத, கடல் பெரும்பாலும் சாந்தமாயிருக்கும் பருவம் அது. விடியும் முன்பே காளத்தியைக் கடந்து, ஆறரை மணிக்கு நீரில் இறங்கினோம். கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குமேல் விலகாமல், லேசாக வீசிய வாடையை எதிர்த்து வடக்கே போய், குறித்த நிமிஷத்தில் படகைத் திருப்பினோம். நண்பர் இம்முறை ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை மேற்கே திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மேகம் இல்லை. ஒன்பதரை மணிக்குக் கயாக்குகளை மணலில் இழுத்துப் போட்டபோது கிழக்கேயிருந்து அன்றைய முதல் கடற்காற்று கன்னத்தில் பட்டது; தூரத்து மணல்திட்டின்மேல் ஒரே ஓர் இடத்தில் வெண்ணுரை தோன்றி மறைந்தது. வலை முடியும் பெரியவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நண்பர் அவரிடம் போய், குடிக்காமல் மிச்சமிருந்த நீரைக் கொடுத்து, அவர் பக்கத்திலேயே மணலில் அமர்ந்துகொண்டார்.